வொண்டர்லிக், எஸ்2: என்எஃப்எல் டிராஃப்ட்ல வைக்கிற மூளை டெஸ்ட்டெல்லாம் காசுக்கு வொர்த்தா?

முதல்லயே ரேட்டிங்கை சொல்லிடுறேன். வொண்டர்லிக்ங்கிற எழுத்து டெஸ்ட்டுக்கு 5க்கு 1. எஸ்2ங்கிற கம்ப்யூட்டர் டெஸ்ட்டுக்கு 5க்கு 2.5, அதுவும் ஒரு கண்டிஷனோட, அது கடைசில.

அமெரிக்கன் ஃபுட்பால் பாக்குறவங்க நம்மள்ல கொஞ்ச பேர்தான், ஆனா பாக்குறவங்களுக்கு தெரியும், ஏப்ரல் மாசம் டிராஃப்ட் நெருங்கினாலே யாரோ ஒரு பையனோட டெஸ்ட் மார்க் வெளில கசியும், அது ட்விட்டர்ல ஓடும், முன்னபின்ன தெரியாதவன்லாம் அந்தப் பையனை மண்டைல ஒண்ணும் இல்லாதவன்னு எழுதுவான், அப்புறம் ரெண்டு வருஷம் கழிச்சு அதே பையன் லீக்கையே ஆட்டி வைப்பான். இது ஒரு தடவை ரெண்டு தடவை நடந்தா போகட்டும்னு விடலாம், திரும்பத் திரும்ப நடக்குது. அதனால இதை ஒரு பொருளா வச்சு பாக்கலாம்னு தோணுச்சு. ஒரு டீம் காசு கொடுத்து இந்த டெஸ்ட்டை வாங்குது, அதுக்கு என்ன கிடைக்குது, அவ்வளவுதான் கேள்வி.

தெரியாதவங்களுக்காக ஒரு வரி: டிராஃப்ட்னா என்எஃப்எல்ங்கிற அமெரிக்கன் ஃபுட்பால் லீக்ல டீமுங்க காலேஜ் பசங்களை வரிசையா எடுக்குறது, 32 டீம், 7 ரவுண்ட், போன சீசன்ல மோசமா ஆடின டீம்தான் முதல்ல பிக் பண்ணும். அதுக்கு முன்னாடி இந்தியானாபோலிஸ்ல காம்பைன்னு ஒண்ணு நடக்கும், 40 கஜம் ஓட விடுவாங்க, 225 பவுண்ட் வெயிட்டை எத்தனை தடவை தூக்குறான்னு எண்ணுவாங்க, கையை விரிச்சா எவ்வளவு அகலம்னு கூட அளப்பாங்க. இதோட சேர்த்து பல வருஷமா உக்கார வச்சு எழுத வச்சதுதான் வொண்டர்லிக். 2022ல லீக் அதை காம்பைன்ல இருந்து தூக்கிடுச்சு, ஆனா டெஸ்ட் இன்னும் விற்பனைல இருக்கு, சாதாரண கம்பெனிங்க ஆள் எடுக்க இன்னிக்கும் யூஸ் பண்றாங்க.

சரி, டெஸ்ட்டு எப்படி இருக்கும்? 50 கேள்வி, 12 நிமிஷம். கணக்கு போட்டா ஒரு கேள்விக்கு 14.4 செகண்ட். பொதுவா ஜனங்க எடுக்குறது 20, 21 மார்க். நெட்ல மாதிரி பேப்பர் எக்கச்சக்கமா கிடைக்குது, நானும் டைமர் ஆன் பண்ணி உக்காந்தேன். ஆரம்பத்துல 8, 4, 2, 1, ½, அடுத்து என்னங்கிற மாதிரி கேள்வி, கண்ணை மூடிட்டு போடலாம். அப்புறம் ரெண்டு வார்த்தையை கொடுத்து ஒரே அர்த்தமா எதிர்ப்பதமா இல்ல சம்பந்தமே இல்லையான்னு கேப்பாங்க, அப்புறம் ஒரு பழமொழியை கொடுத்து இன்னொரு பழமொழியும் இதேதான் சொல்லுதான்னு கேப்பாங்க, நடுநடுல ஒருத்தன் இவ்வளவு வேகத்துல போனா எப்ப போய் சேருவான் டைப் கணக்கு. எந்தக் கேள்வியும் தனியா எடுத்துப் பாத்தா கஷ்டம் இல்ல. ஆனா போகப் போக கேள்வி நீளமாகுது, படிச்சு முடிக்கவே பத்து செகண்ட் போயிடுது, பாதிக்கு மேல போனா இதுல எதை விடலாம்னு முடிவு பண்றதுதான் வேலையே. எனக்கு இங்கிலீஷ் ஸ்கூல்ல படிச்சு வந்த பாஷை, வீட்டு பாஷை இல்ல, அதனால அந்தப் பழமொழி கேள்வியில எல்லாம் நான் யோசிக்கிறதை விட படிக்கிறதுக்குத்தான் டைம் போச்சு. அப்போ இது அளக்குறது மூளையை மட்டும் இல்ல, எந்த வீட்ல பொறந்தோம், எந்த ஸ்கூல்ல படிச்சோம், பேப்பர் பென்சிலோட எவ்வளவு பழக்கம், இதெல்லாத்தையும் சேர்த்துத்தான் அளக்குது.

இது ஃபுட்பாலுக்குன்னு செஞ்சதும் இல்ல. 1936ல எல்டன் வொண்டர்லிக்னு ஒருத்தர் ஆபீஸ், ஃபேக்டரிக்கு ஆள் எடுக்க உருவாக்கினது, ரெண்டாம் உலகப் போர்ல அமெரிக்க நேவி கூட யூஸ் பண்ணுச்சு. 1970கள்ல டாம் லாண்ட்ரி கோச்சா இருந்த டாலஸ் கவ்பாய்ஸ்தான் இதை ஃபுட்பாலுக்குள்ள கொண்டு வந்தாங்கன்னு சொல்லுவாங்க, அந்த டீம் அப்ப ஜெயிச்சுட்டே இருந்ததால மத்தவங்களும் பின்னாடியே போனாங்க.

இப்ப ரிசல்ட்டுக்கு வருவோம். கீழ சொல்ற மார்க் எல்லாம் வெளில கசிஞ்சு செய்தில வந்த மார்க்தான், லீக் எதையும் அதிகாரப்பூர்வமா வெளியிட்டது கிடையாது, அதை மனசுல வச்சுக்கோங்க.

50க்கு 50 எடுத்தவர்னு எல்லாரும் சொல்ற ஆள் பேட் மெக்கினலி, ஹார்வர்டு பையன், 1975ல சின்சினாட்டி பெங்கால்ஸ் 5வது ரவுண்ட்ல எடுத்தாங்க, நல்ல பண்டரா (பந்தை தூரமா உதைச்சு விடுறவர்) ஆடினாரு, ஒரு தடவை ப்ரோ பவுல்ங்கிற நட்சத்திர ஆட்டத்துக்கும் போனாரு. அதே ஹார்வர்டுல இருந்து வந்த ரயன் ஃபிட்ஸ்பாட்ரிக் 9 நிமிஷத்துலயே பேப்பரை கொடுத்துட்டு வந்து 48 வாங்கினதா செய்தி, 2005ல 250வது ஆளா டிராஃப்ட் ஆனாரு, 9 டீமுக்கு 17 சீசன் ஆடினாரு, எனக்கு ரொம்ப பிடிச்ச பிளேயர், ஆனா ஒரே ஒரு பிளேஆஃப் மேட்ச் கூட ஆடல. இந்தப் பக்கம் பாத்தா டான் மரீனோ, டெர்ரி பிராட்ஷா ரெண்டு பேரும் குவாட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துறவங்க, ரெண்டு பேருக்கும் 15, 16 ரேஞ்சுதான். பிராட்ஷா நாலு சூப்பர் பவுல், அதாவது லீக் ஃபைனல், ஜெயிச்சவரு. மரீனோ பந்தை கையில இருந்து விடுற வேகத்தை பாத்தவங்களுக்கு அந்த மார்க்கை வச்சு என்ன பண்றதுன்னே புரியாது. ஃப்ராங்க் கோருக்கு வெறும் 6ன்னு வந்துச்சு, அவருக்கு படிக்கிறதுல சிரமம், டிஸ்லெக்சியா இருக்குன்னு வெளிப்படையா தெரிஞ்ச விஷயம். அவர் 16,000 யார்டு ஓடி லீக் வரலாத்துலயே மூணாவது இடத்துல நிக்கிறாரு. அவர் ரன்னிங் பேக், பந்தை வாங்கிட்டு ஓடுறவர். அந்த வேலை என்ன? முன்னாடி நிக்கிற அஞ்சு பேரு எந்தப் பக்கம் தள்ளுறாங்க, எதிர் டீம் லைன்பேக்கர் எந்த இடைவெளில கால் வைக்கிறான், இதை அரை செகண்ட்ல பாத்து திரும்பணும். அதை 16 வருஷம் பண்ண மனுஷனுக்கு 6 மார்க் போட்ட டெஸ்ட்டு எதைத்தான் அளந்துச்சு?

எனக்கு பெரிய ஆதாரமா தெரியுறது 2018 டிராஃப்ட். முதல் ரவுண்ட்ல அஞ்சு குவாட்டர்பேக். மேஃபீல்டு 25, டார்னால்டு 28, ஜோஷ் ஆலன் 37, ரோசன் 29, லமார் ஜாக்சன் 13. இதுல அதிக மார்க் எடுத்த ஆலன் 2024ல எம்விபி, அதாவது சீசனோட சிறந்த ஆட்டக்காரர். குறைஞ்ச மார்க் எடுத்த லமார் 2019லயும் 2023லயும் எம்விபி, முதல் தடவை ஒரு ஓட்டு கூட மாறாம ஏகமனதா. நடுவுல இருந்த மூணு பேர்ல ரெண்டாவது அதிக மார்க் எடுத்த ரோசனை அரிசோனா ஒரே வருஷத்துல அனுப்பிடுச்சு, மேஃபீல்டும் டார்னால்டும் ஊர் ஊரா சுத்தி அப்புறம்தான் நிமிர்ந்தாங்க. மேலயும் எம்விபி, கீழயும் எம்விபி. இந்த லிஸ்ட்டை கையில வச்சுட்டு எந்த மேனேஜராவது ஒரு முடிவு எடுக்க முடியுமான்னு சொல்லுங்க.

நாலஞ்சு பேர் கதையை வச்சு பேசாதன்னு சொல்லுவீங்க, நியாயம்தான். ஆராய்ச்சியும் அதேதான் சொல்லுது. 1989ல இருந்து 2004 வரைக்கும் டிராஃப்ட் ஆன 84 குவாட்டர்பேக்கை எடுத்து பாத்தாங்க, மார்க்குக்கும், காலேஜ்ல அவங்க பந்து வீசின தரத்தை அளக்குற பாஸிங் ரேட்டிங்குக்கும் சம்பந்தமே கிடைக்கல. 2009ல லயன்ஸ், ஹாஃப்மன், மிஷெல்னு மூணு பேர் சேர்ந்து மூணு டிராஃப்ட் வருஷத்துல இருந்து 762 பேரை எடுத்து பாத்தாங்க, மொத்தத்துல ஒண்ணும் இல்ல, டைட் எண்ட், டிஃபென்சிவ் பேக் ரெண்டு பொசிஷன்ல மட்டும் ஒரு தொடர்பு தெரிஞ்சது, அதுவும் தலைகீழா, மார்க் கம்மியா இருந்தவங்க நல்லா ஆடியிருந்தாங்க. எனக்கு இதெல்லாத்தையும் விட முக்கியமா படுறது பெர்ரி, சிம்மன்ஸ்னு ரெண்டு பொருளாதாரக்காரங்க பண்ணது. இந்த மார்க் ஒரு குவாட்டர்பேக் எத்தனாவதா டிராஃப்ட் ஆகுறான்ங்கிறதை மாத்துது, ஆனா அப்புறம் எப்படி ஆடுறான்ங்கிறதை சொல்லலன்னு அவங்க கண்டுபிடிச்சாங்க. யோசிச்சு பாருங்க. ஆட்டத்தை பத்தி ஒண்ணும் சொல்லாத ஒரு நம்பர், பையனோட விலையை மட்டும் மாத்துது. காசு கொடுத்து வாங்கின டீமுக்கும் நஷ்டம், டெஸ்ட்டு எழுதின பையனுக்கும் நஷ்டம்.

விலைன்னா சும்மா இல்ல. 2011 ஒப்பந்தத்துக்கு அப்புறம் புது பசங்க சம்பளம் எத்தனாவது பிக்ங்கிறதை வச்சே கிட்டத்தட்ட ஃபிக்ஸ் ஆகிடும். 2018ல முதல் பிக்கான மேஃபீல்டோட நாலு வருஷ ஒப்பந்தம் சுமார் 32.7 மில்லியன் டாலர், 32வது பிக்கான லமாருக்கு சுமார் 9.5 மில்லியன். லமார் கீழ போனதுக்கு மார்க் மட்டும் காரணம்னு நான் சொல்ல வரல, அவரை பந்தை பிடிக்கிற ரிசீவரா மாறச் சொன்ன பெரிய மனுஷங்களும் இருந்தாங்க, காரணம் பல. ஆனா ஏற்கனவே சந்தேகத்தோட பாக்குறவனுக்கு ஒரு 13 கையில கிடைச்சா அது போதாதா?

இங்கதான் கறுப்பின குவாட்டர்பேக் விஷயத்தை பேசாம தாண்ட முடியாது. பல பத்தாண்டா அந்தப் பசங்களை, இது மூளை வேலை உனக்கு சரிப்படாது, ரிசீவர் ஆடு, கார்னர்பேக் ஆடுன்னு மாத்தி விட்ட லீக் இது. வாரன் மூன் 1978ல டிராஃப்ட்லயே எடுக்கப்படாம கனடாவுக்கு போய் எட்மன்டன்ல அஞ்சு கிரே கப் (கனடா லீக் கோப்பை) ஜெயிச்சுட்டு திரும்பி வந்து ஹால் ஆஃப் ஃபேம் போனாரு. 2006ல வின்ஸ் யங் 6 எடுத்தாருன்னு கசிஞ்சப்ப நாடே சிரிச்சது, அப்புறம் 16ன்னு சொன்னாங்க, அந்த வருஷமே அவர் சிறந்த புது அஃபென்சிவ் பிளேயர் விருதை வாங்கினாரு. அவரோட கரியர் அப்புறம் சரிஞ்சது உண்மை, ஆனா அந்த 6 இன்னிக்கும் அவர் பேரோட ஒட்டிக்கிட்டு இருக்கு. அதுக்கும் மேல ஒண்ணு, இந்த டெஸ்ட்டு கோர்ட்டுக்கே போன டெஸ்ட்டு. நார்த் கரோலினால ட்யூக் பவர்ங்கிற மின்சார கம்பெனி கறுப்பின தொழிலாளிங்க நல்ல வேலைக்கு மாறணும்னா வொண்டர்லிக் உட்பட ரெண்டு டெஸ்ட்டு பாஸ் பண்ணணும்னு வச்சாங்க, வில்லி கிரிக்ஸும் கூட வேலை பாத்தவங்களும் கேஸ் போட்டாங்க, 1971ல சுப்ரீம் கோர்ட் வேலைக்கு சம்பந்தமில்லாத டெஸ்ட்டை வச்சு ஒரு கூட்டத்தையே வெளில நிறுத்துறது சட்டவிரோதம்னு தீர்ப்பு கொடுத்துச்சு. அதே 1970கள்லதான் ஃபுட்பால் அதை கையில எடுத்துச்சு. எனக்கு இதை நினைச்சா இன்னிக்கும் கோவம் வரும்.

மார்க் அதிகம் எடுத்தாலும் ஆப்பு வைக்கும் இந்த டெஸ்ட்டு. கனெக்டிகட்ல நியூ லண்டன் ஊர்ல ராபர்ட் ஜார்டன்னு ஒருத்தர் போலீஸ் வேலைக்கு போய் 33 எடுத்தாரு, அவங்க 20ல இருந்து 27 எடுத்தவங்களைத்தான் இன்டர்வியூக்கு கூப்பிடுவோம், அதிக மார்க்காரங்க போரடிச்சு ஓடிடுவாங்கன்னு சொல்லி அவரை கழட்டி விட்டுட்டாங்க, அவர் கேஸ் போட்டும் தோத்துட்டாரு.

சரி, எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லணும். சாதாரண வேலைகள்ல இந்த மாதிரி பொது அறிவுத்திறன் டெஸ்ட்டுக்கும் வேலை செய்யுற தரத்துக்கும் தொடர்பு இருக்குன்னு நிறைய ஆராய்ச்சி இருக்கு, அதை நான் மறுக்கல. குவாட்டர்பேக் வேலைக்கு மூளை வேணாம்னும் சொல்லல, நேர்மாறு, பயங்கரமா வேணும். ஆனா எந்த மாதிரி மூளைன்னு பாருங்க. ஹெல்மெட்டுக்குள்ள ரேடியோல கோச் பிளேயை, அதாவது அடுத்த ஆட்டத் திட்டத்தை, சொல்லுவாரு, பதினஞ்சு பதினாறு வார்த்தை நீளம், அதை ஆரம்பிக்க ஓடுற பிளே கிளாக் 15 செகண்டுக்கு வந்ததும் ரேடியோ கட். அதை எல்லாரும் கூடி நிக்கிற ஹடில்ல பத்து பேருக்கு தப்பில்லாம ஒப்பிக்கணும். லைன்ல வந்து நின்னதும் எதிர் டீம்ல பின்னாடி எத்தனை சேஃப்டி, அதாவது கடைசி காவல் ஆளுங்க, நிக்கிறாங்கன்னு பாக்கணும், ஒருத்தனா ரெண்டு பேரா. ஒரு ரிசீவரை குறுக்கால ஓட விட்டு எவன் கூடவே ஓடுறான்னு பாத்தா அது மேன் கவரேஜா (ஆளுக்கு ஆள் காவல்) இல்ல ஸோனா (இடத்துக்கு காவல்) அப்படின்னு ஒரு துப்பு கிடைக்கும். நடு லைன்பேக்கர் யாருன்னு கை நீட்டி லைன்மேனுக்கு காட்டணும். பந்து கைக்கு வந்த நொடியே அந்த ரெண்டு சேஃப்டில ஒருத்தன் கீழ இறங்கி ஓடி வருவான், அதுவரை பாத்த படம் மொத்தமும் பொய்யாயிடும், 130 கிலோ ஆளுங்க நாலு பேர் காலுக்கு பாயுறாங்க, ரெண்டரை செகண்டுக்குள்ள பந்து போகணும், பயந்து முன்னாடியே வீசவும் கூடாது. இந்த வேலைக்கு ஆள் எடுக்க பழமொழி கேக்குறது, லாரி ஓட்ட வந்தவனை கணக்கு நோட்டு எழுத வச்சு பாத்து அனுப்புற மாதிரி. அந்த நோட்டு அவனுக்கு எழுத வருதான்னு சொல்லும், கொண்டை ஊசி வளைவுல என்ன பண்ணுவான்னு சொல்லாது.

2012ல மோரிஸ் கிளெய்பர்ன் 4 எடுத்தாருன்னு கேலி பண்ணாங்களே, அதுக்கு அவர் சொன்ன பதில், டெஸ்ட்டை பாத்தேன், ஃபுட்பாலை பத்தி எதுவுமே இல்ல, அதனால விட்டுட்டேன்னு. கவ்பாய்ஸ் அவரை 6வது பிக்ல எடுத்தாங்க, எதிர்பார்த்த அளவுக்கு வரல, அடிபட்டுட்டே இருந்தாரு. ஆனா அவர் சொன்ன காரணம் எனக்கு நியாயமாத்தான் படுது.

எஸ்2 இந்த ஓட்டையை அடைக்கத்தான் வந்துச்சு. நாஷ்வில்ல ரெண்டு நரம்பியல் ஆராய்ச்சியாளர்கள் ஆரம்பிச்சது. இதுல பேப்பரும் இல்ல பழமொழியும் இல்ல, லேப்டாப் திரையில உருவம் மின்னி மறையும், நிறைய பொருள் ஒரே நேரத்துல நகரும்போது எது எது எங்க போச்சுன்னு பின்தொடரணும், கை போகப் போகுற நேரத்துல அடக்கணும், கவனத்தை கலைக்குற விஷயத்தை தள்ளிட்டு பட்டனை அழுத்தணும். கேக்கவே ஃபுட்பால் மைதானத்துக்கு பக்கத்துல இருக்குல்ல, அதுக்குத்தான் அந்த ஒண்ணரை மார்க் கூடுதல். 2022ல கடைசி ஆளா, 262வதா போயும் ஜெயிச்சுக் காட்டின குவாட்டர்பேக் பிராக் பர்டி இதுல நல்ல ஸ்கோர் எடுத்திருந்தாருன்னு வந்தப்ப எனக்கும் இதுமேல ஒரு நம்பிக்கை வந்துச்சு.

அப்புறம் 2023. குவாட்டர்பேக்குங்க பிரைஸ் யங் 98, சி.ஜே. ஸ்ட்ரவுட் 18ன்னு எஸ்2 ஸ்கோர் கசிஞ்சது. இது சதமான வரிசை, அதாவது 18ன்னா நூறு பேர்ல சுமார் எண்பத்திரண்டு பேருக்கு கீழன்னு அர்த்தம். கம்பெனிக்காரங்க வெளில வந்த நம்பரையெல்லாம் அப்படியே நம்பாதீங்கன்னாங்க, யாரு கேக்குறா. ஸ்ட்ரவுட்டு டிராஃப்ட்டுல சரியுவாருன்னு டிவில உக்காந்து பேசினாங்க. நாலு மாசம் முன்னாடிதான் அந்தப் பையன் ஜார்ஜியா காலேஜ் டிஃபென்ஸுக்கு எதிரா 348 யார்டு, 4 டச்டவுன் (பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால சேர்க்குறது) போட்டிருந்தாரு, அந்த வீடியோ எல்லா டீம் கையிலயும் இருந்துச்சு. நல்லவேளை, ஹூஸ்டன் டெக்சன்ஸ் ரெண்டாவது பிக்ல எடுத்தாங்க. நவம்பர்ல டாம்பாவுக்கு எதிரா அந்த மேட்ச் பாத்தீங்களா? கிக்கர் அடிபட்டு ஒரு ரன்னிங் பேக் ஃபீல்டு கோல் அடிச்ச மேட்ச், 46 செகண்ட் மிச்சம், 75 யார்டு போகணும், நாலு பாயிண்ட் பின்னாடி. பதட்டமே இல்ல அந்த மூஞ்சில. துண்டு துண்டா நகத்திட்டு வந்து 6 செகண்ட் இருக்கும்போது டேங்க் டெல்லுக்கு டச்டவுன். மொத்தம் 470 யார்டு, புது பையன் ஒருத்தன் ஒரே மேட்ச்ல எடுத்த அதிகபட்சம். அந்த சீசன் 23 டச்டவுன், வெறும் 5 இன்டர்செப்ஷன், அதாவது எதிராளி கையில போன பாஸ். முடிவெடுக்குற திறமை இல்லாதவன் அஞ்சோட நிறுத்துவானா?

பிரைஸ் யங்கை வச்சு எஸ்2வை கிண்டல் பண்றவங்களோட நான் சேரல. முதல் வருஷம் கரோலினால ஸ்டார்ட் பண்ண 16 மேட்ச்ல 2தான் ஜெயிச்சாரு, ஆனா முன்னாடி நின்ன லைன் ஓட்டை, கோச்சை 11 மேட்ச்லயே தூக்கிட்டாங்க, அந்த நிலைமைல யார் போனாலும் திணறியிருப்பாங்க. 18 ஸ்ட்ரவுட்டை பத்தி தப்பா சொல்லுச்சுன்னா 98ம் யங்கோட டீமை பத்தி ஒண்ணும் சொல்லல. எங்க போய் சேருறான், யார் சொல்லித் தர்றாங்க, யார் முன்னாடி நின்னு காப்பாத்துறாங்க, இதெல்லாம் ஒரு பையனோட மண்டைக்குள்ள இருக்குற விஷயம் இல்ல.

அப்போ டீம் என்னதான் பண்ணணும்? அவங்ககிட்ட ஏற்கனவே இருக்குறதை ஒழுங்கா யூஸ் பண்ணணும். ஒவ்வொரு டீமும் 30 பசங்களை தன்னோட இடத்துக்கே கூப்பிடலாம். காலையில வெள்ளை போர்டுல அவங்க பிளேபுக்ல இருந்து ரெண்டு பிளே சொல்லிக் கொடு, நடுவுல வேற நாலு விஷயம் பேசு, சாப்பிட வை, சாயங்காலம் அதே போர்டுல அவனை வரையச் சொல்லு, சேஃப்டியை மாத்தி நிறுத்தினா என்ன பண்ணுவன்னு கேளு. அவன் காலேஜ்ல தப்பு பண்ண பிளேயை போட்டு காட்டி ஏன்னு கேளு. இதுல வர்ற பதில் அந்த வேலையைப் பத்தின பதில். எஸ்2 அதுக்கு அப்புறம், இவனுக்கு எந்த வகையில சொல்லிக் கொடுத்தா ஏறும்னு பயிற்சிக்கு உதவுற அளவுக்கு வேணா வச்சுக்கலாம், எடுக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ண இல்ல.

நான் சொன்ன அந்த கண்டிஷன் இதுதான், ஸ்கோர் வெளில வரக் கூடாது. 2024 டிராஃப்ட்டுக்கு முன்னாடி சில ஏஜெண்டுங்க நம்ம பசங்க எஸ்2 எழுத வேணாம்னு சொல்லிட்டதா செய்தி வந்துச்சு, எனக்கு அவங்க மேல தப்பே தெரியல, எழுதினா பையனுக்கு கிடைக்கிறது ஒண்ணும் இல்ல, கசிஞ்சா போறது மில்லியன் கணக்குல. 2022ல வொண்டர்லிக்கை எடுத்த அதே சமயத்துலதான் லீக், இன்டர்வியூல பசங்களை கேவலப்படுத்துற மாதிரி கேள்வி கேட்டா டீமுக்கு குறைஞ்சது 1,50,000 டாலர் அபராதம், டிராஃப்ட் பிக்கும் போகும்னு எழுதி அனுப்புச்சு. அதே தண்டனையை ஸ்கோரை கசிய விடுறவங்களுக்கும் வைக்கட்டும். ஒரே ஒரு டீமோட மூணாவது ரவுண்ட் பிக்கை பிடுங்கினா போதும், அடுத்த ஏப்ரல்ல எந்தப் பையனோட மார்க்கும் வெளில வராது.